அஜியாவ்

கழுதைத் தோலைக் காய்ச்சி, வற்றவைத்து, வில்லைகளாக அறுத்து உலர்த்திய பசை. இரத்தம் ஊறும் என்று சீன வைத்தியர்கள், குறிப்பாகப் பெண்களுக்கு, கொடுப்பது.

‘ஜியாவ்’ என்றால் பசை. நம் தச்சர் காய்ச்சும் வஜ்ஜிரமும் கிட்டத்தட்ட இதே சரக்குதான். ‘அ’ என்பது ஷான்டோங் மாகாணத்து ஊரான தோங்-அ என்பதன் சுருக்கம். அவ்வூர்க் கிணற்று நீரில் காய்ச்சியதே உசத்தி என்பது பழைய ஊர்ப்பெருமை. ஆக, பெயரில் கழுதையே இல்லை! முற்காலத்தில் மாட்டுத்தோலையும் காய்ச்சினார்கள். கழுதை பின்னால்தான் முந்திக்கொண்டது.

கரும்பழுப்பு வில்லை, தட்டினால் சில்லுசில்லாக உடையும். வெதுவெதுப்பான அரிசி மதுவில் கரைத்துக் குடிப்பார்கள்; எள், வால்நட் சேர்த்துக் கிளறியும் தின்பார்கள்.

சீனக் கழுதைகள் போதாமல் போனதும் ஆப்பிரிக்கக் கழுதைகளுக்குக் கேடு வந்தது. தோலுக்காகக் கழுதைகளை அறுப்பதை 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் தடைசெய்தது.