குட்டி யானையும் டர்போவும்: ஒரு மைலேஜ் வரலாறு

வண்டி எதுவானாலும் தமிழ்நாட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். "மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?" நாடு மெட்ரிக் அளவைக்கு மாறி அறுபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. மைல்கல்லில்கூட கிலோமீட்டர்தான் எழுதியிருக்கிறது. இருந்தாலும் மைலேஜ் மைலேஜ்தான் :-)

இந்தக் கேள்விக்கு எப்போதும் இரண்டு பதில் உண்டு. வண்டி வாங்கும்போது ஷோரூமில் கிடைப்பது ஒன்று. ஆறு மாதம் கழித்து டிரைவர் சொல்வது இன்னொன்று. டர்போ பொருத்திய பிக்கப் வண்டிகளில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். கம்பெனி ஏமாற்றுகிறது என்று ஒரு கட்சி, டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று இன்னொரு கட்சி. உண்மையில் இரண்டு பேரும் வேறு வேறு பயணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். சுண்ணாம்புக்குளம் மாதிரியான ஒரு ஊரிலிருந்து பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

சுண்ணாம்புக்குளம் திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில், பழவேற்காடு ஏரியை ஒட்டியிருக்கும் ஊர். இந்தக் கரையில் கிடைப்பது இறால், நண்டு, மடவை. விலை கிடைப்பது சென்னையில். நடுவில் சுமார் 60 கிலோமீட்டர். இந்தப் பகுதியின் போக்குவரத்து வரலாறு முழுவதும் அந்த 60 கிலோமீட்டரை எப்படிக் கடப்பது என்ற கதைதான்.

முதலில் தண்ணீர் வழி. 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய், அதை வெட்டியவர் பெயரால் காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பிறகு அது பழவேற்காடு ஏரி வரைக்கும், அதற்கு வடக்கேயும் நீண்டது. 1876-78 பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலையாக இன்னும் பல இடங்களில் வெட்டி இணைத்தார்கள். அப்போதைய கவர்னரின் பெயரில் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. விறகு, உப்பு, சென்னைக் கட்டிடங்களின் பளபளப்பான சுவருக்கு வேண்டிய சுண்ணாம்புக் கிளிஞ்சல், எல்லாம் இந்த வழியாக வந்தன. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் முடியாவிட்டால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பது. மெதுவாகப் போகும் படகைத் தண்ணீர் அதிகம் எதிர்ப்பதில்லை. அதனால் ஒரு மாடு இழுக்க முடியாத சுமையை ஒன்றிரண்டு ஆட்களே இழுத்தார்கள். டீசல் செலவு பூஜ்யம்!

ஆனால் நேரம்? விறகும் கிளிஞ்சலும் காத்திருக்கும், மீன் காத்திருக்காது. எனவே கால்வாய்க் காலத்தில் தூரத்துக்குப் போன மீன் பெரும்பாலும் கருவாடாகத்தான் போயிருக்க முடியும். பச்சை மீனாக சென்னைக்கு வர வேண்டுமென்றால் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று ஐஸ், இன்னொன்று வேகம். ஐஸ் எடை கூட்டும், வேகம் எண்ணெய் குடிக்கும். மைலேஜ் பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது.

சாலை வந்த பிறகு கூடையோடு பஸ், ரயில், லாரி. அப்புறம் டெம்போ. ஒரு கம்பெனியின் பெயர் எல்லாச் சிறு சரக்கு வண்டிகளுக்கும் பொதுப்பெயராக ஆகிவிட்டது நம் ஊரில். 1980-களின் நடுவில் டொயோட்டா, மஸ்டா, நிஸான், மிட்சுபிஷி ஆகிய ஜப்பான் கம்பெனிகள் இந்தியக் கூட்டாளிகளோடு சிறு லாரிகளை இறக்கின. அவற்றை எதிர்த்து 1986-ல் டாடா 407 வந்து நிலைத்துவிட்டது. ஆனால் 407 ஒரு கிராமத்தின் ஒரு நாள் மீனுக்குக் கொஞ்சம் பெரிய வண்டி.

2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. தமிழ்நாட்டில் யாரும் அதை ஏஸ் என்று கூப்பிடவில்லை. குட்டி யானை! 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. டர்போ கிடையாது. அந்தக் குட்டி யானையின் மைலேஜைப் பற்றி டிரைவர்கள் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். அதன் ரகசியத்தில் பாதி அதன் இயலாமைதான். 65 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டத் திணறும் வண்டியில் டிரைவர் நினைத்தாலும் டீசலை வீணாக்க முடியாது.

அடுத்து வந்தது டர்போ பிக்கப்களின் காலம். மஹிந்திராவின் பொலிரோ பிக்கப் ஒரு பக்கம். எண்ணூரில் தொடங்கிய அசோக் லேலண்ட் 2011-ல் நிஸானோடு சேர்ந்து ஓசூரில் தயாரித்த தோஸ்த் இன்னொரு பக்கம். தோஸ்த் மூன்று சிலிண்டர் வண்டி, ஒன்றேகால் டன் சுமை. (பக்கிங்ஹாம் கால்வாயின் முதல் பகுதி போய் முடிந்த அதே எண்ணூர்தான்.)

இந்த இடத்தில் டர்போவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்ஜின் வெளியே தள்ளும் புகையில் நிறையச் சக்தி வீணாகப் போகிறது. அந்தப் புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றவைத்து, அந்தச் சுழற்சியால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் முதலில் பயன்பட்டது தரையில் அல்ல, தண்ணீரில். 1920-களின் நடுவில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் இன்ஜின்கள் டர்போ பொருத்தியதால் 1750 குதிரைத்திறனிலிருந்து 2500-க்கு உயர்ந்தன. 1938-ல் சுவிஸ் கம்பெனியான சௌரர் அதை லாரியில் வைத்தது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், டர்போ சக்தியைக் கூட்டுவதற்கு வந்தது. மைலேஜ் அதன் பக்கவிளைவு மட்டுமே. பெரிய இன்ஜினின் வேலையைச் சின்ன இன்ஜினே செய்வதால் உராய்வு குறையும். சுமை இல்லாமல் போகும்போது சின்ன இன்ஜின் போலக் கொஞ்சமாகக் குடிக்கும். ஆனால் முழுச் சுமையோடு மிதித்தால் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ற டீசலும் வந்தே ஆக வேண்டும். காற்று மட்டும் இலவசம், டீசல் இல்லை. இந்தியாவில் டர்போ பரவியதற்கு இன்னொரு காரணம் புகைக் கட்டுப்பாடு. பாரத் ஸ்டேஜ் விதிகள் இறுக இறுக, கரும்புகை குறைய அதிகக் காற்று வேண்டியிருந்தது. பி.எஸ்-4 விதி 2010-ல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கும், 2017-ல் நாடு முழுவதும், பி.எஸ்-6 2020 ஏப்ரலிலும் வந்தன. ஆக, மைலேஜுக்காகவே டர்போ வந்தது என்று நினைத்து வாங்குபவர் முதல் படியிலேயே தடுக்கி விழுகிறார்.

சரி, பரிசோதனைச் சாலையில் வரும் எண் எப்படிக் கிடைக்கிறது? வண்டி சாலையில் ஓடுவதே இல்லை. உருளைகளின்மேல் நிற்கவைத்து, வகுத்துவைத்த ஒரு அட்டவணைப்படி சுமார் 20 நிமிடம் ஓட்டுவார்கள். அதில் பெரும்பகுதி நகர வேகம், உச்ச வேகம் 90. எதிர்க்காற்று, மணல், பள்ளம் எதுவும் கிடையாது. முக்கியமானது எடை. மூன்றரை டன்னுக்கு உட்பட்ட வண்டிகளுக்கான இந்தியச் சோதனை முறையில் வெற்று வண்டி எடையோடு 150 கிலோ சேர்த்துத்தான் கணக்கு. அதாவது டிரைவரும் கூட ஒரு ஆளும். காருக்கு இது நியாயம். ஒன்றேகால் டன் ஏற்றவே பிறந்த பிக்கப்புக்கு? கல்யாண மண்டபத்தின் மின்கட்டணத்தை முகூர்த்தம் இல்லாத நாளில் அளப்பது போலத்தான்.

இது இந்தியாவின் தனிக்கதை அல்ல. அமெரிக்காவில் ஃபோர்டு 2011 மாடல் எஃப்-150 பிக்கப்பில் இரட்டை டர்போ வைத்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைக் கொடுத்தது. எட்டு சிலிண்டர் பலம், ஆறு சிலிண்டர் செலவு என்பது வாக்குறுதி. காலியாக நிதானமாகப் போனால் அது பெரிதும் பொய்யில்லை. பின்னால் டிரெய்லரைக் கட்டி இழுத்தால் எட்டு சிலிண்டர் போலவே குடித்தது. 2013-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் சிறிய டர்போ இன்ஜின் கார்களைச் சோதித்துவிட்டு, சொன்ன மைலேஜ் பலவற்றில் வரவில்லை என்று எழுதியது. ஐரோப்பாவில் அரசு எண்ணுக்கும் சாலை எண்ணுக்கும் உள்ள இடைவெளி 2001-ல் 8 சதவீதமாக இருந்து 2015 வாக்கில் 40 சதவீதத்தை எட்டியது. இன்ஜின்கள் மோசமாகவில்லை, சோதனையில் பாஸாவதில் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டன!

மறுபடி ஏரிக்கரைக்கு வருவோம். பச்சை மீனுக்கு வெப்பநாடுகளில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். அப்படியானால் 1200 கிலோ ஏற்றிய வண்டியில் மீன் 600 கிலோதான். டீசலில் பாதி, போகும் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகி ஒழுகப்போகும் ஒரு பொருளுக்குச் செலவாகிறது. ஒழுகும் உப்புத் தண்ணீர் சும்மா போகாது. சேசிஸ் துருப்பிடிக்கும், பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதுவும் மைலேஜில்தான் வந்து விழும். டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் சின்னக் கீறல் விழுந்தாலும் அப்படித்தான். கரும்புகை, இழுவைக் குறைவு. டிரைவர் இன்னும் அழுத்தி மிதிப்பார்.

கரையோரத்து மணல் கலந்த தெருக்களைத் தாண்டி சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறியதும் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, செங்குன்றம் என்று நேர்ச்சாலை. குட்டி யானையில் 60-ல் போன டிரைவர் டர்போ வண்டியில் 80-ல் போவார். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும். 60-லிருந்து 80 என்றால் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. பெட்டிகளை அடுக்கி மேலே படபடக்கும் தார்ப்பாய் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்காக டிரைவரைத் திட்டுவது எளிது. ஆனால் சிந்தாதிரிப்பேட்டை மாதிரியான மார்க்கெட்டில் விலை விடியற்காலையில்தான். தாமதமாகப் போய் மிச்சப்படுத்திய ஒரு லிட்டர் டீசலைவிட, விலை இறங்கியபின் விற்ற மீனின் நஷ்டம் பெரியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எல்லாம் உதாரணத்துக்குத்தான். போகும்போது சுமையோடு லிட்டருக்கு 10 கிலோமீட்டர், திரும்பும்போது காலிப் பெட்டிகளோடு 15 என்று வைத்துக்கொண்டால் சராசரி எவ்வளவு? பன்னிரண்டரை என்று சொல்லத் தோன்றும். தப்பு. போக 60 கிலோமீட்டருக்கு 6 லிட்டர், வர 60-க்கு 4 லிட்டர். 120 கிலோமீட்டருக்கு 10 லிட்டர், சராசரி 12 மட்டுமே. மோசமான பக்கம் எப்போதும் சராசரியைத் தன் பக்கம் இழுக்கும். சொன்ன மைலேஜ் 16 என்றால் எதிர்பார்த்தது ஏழரை லிட்டர். தினம் இரண்டரை லிட்டர் துண்டு விழுகிறது. லிட்டர் 90 ரூபாய் என்றால் 225 ரூபாய். மாதம் 25 நடை போனால் 5625 ரூபாய். வண்டிக்கு மாதத் தவணை கட்டும் ஒருவருக்கு இது சின்னத் தொகை அல்ல. அது கடைசியில் வாடகையில் ஏறும், வாடகை கரையில் மீனுக்குக் கொடுக்கும் விலையில் இறங்கும்.

அதைவிட விசித்திரம் அடுத்தது. மேலே சொன்ன நாளில் 10 லிட்டர், 900 ரூபாய், 600 கிலோ மீன். கிலோவுக்கு ஒன்றரை ரூபாய். இப்போது ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, கடல் தண்ணீரும் அதோடு இறால் குஞ்சும் உள்ளே வருவது குறைந்த ஒரு பருவத்தை எடுத்துக்கொள்வோம். பழவேற்காட்டில் இது பழைய துயரம். மீன் 300 கிலோதான் கிடைக்கிறது, ஐஸும் 300 கிலோ. சுமை பாதியானதால் போகும்போது 12 கொடுக்கிறது. ஐந்து லிட்டர் போக, நாலு லிட்டர் வர. சராசரி 13-ஐத் தாண்டிவிட்டது! ஆனால் 810 ரூபாயை 300 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 2 ரூபாய் 70 காசு. வண்டி நல்ல மைலேஜ் கொடுத்த நாள்தான் கரையில் இருப்பவருக்கு மோசமான நாள்.

பழைய குட்டி யானையா, டர்போ பிக்கப்பா என்ற சண்டைக்கும் இந்தக் கணக்கே பதில் சொல்லும். ஐஸோடு சேர்த்து முக்கால் டன்னுக்குள் முடிகிற சரக்குக்குச் சின்ன வண்டி போதும். அதற்கு டர்போ பிக்கப்பை எடுத்துப் போவது காலி இடத்துக்கு டீசல் போடுவது. அதற்கு மேல் என்றால் இரண்டு நடை அடிக்கும் சின்ன வண்டியைவிட ஒரே நடையில் முடிக்கும் டர்போ வண்டி, லிட்டருக்குக் குறைவாக ஓடினாலும், கிலோவுக்கு மலிவு. இந்தக் கிராமங்களில் மீன்வரத்து பருவத்துக்குப் பருவம் மாறுவதால் ஒரே வண்டி எல்லா மாதமும் சரியாக இருக்காது. வாங்கும் நாளில் நல்ல பருவத்தை நினைத்துப் பெரிய வண்டியை வாங்குவதுதான் வழக்கம்.

பி.எஸ்-6 டீசல் வண்டிகளில் இன்னொன்றும் சேர்ந்தது. புகையில் உள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி. அது நிறைந்ததும் கூடுதல் டீசலை எரித்துத்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடினால் சூட்டில் அது இயல்பாக நடக்கும். கரையிலிருந்து ஆரம்பாக்கம் வரை போய் உடனே திரும்பும் குட்டை நடைகளில் பாதியிலேயே நின்றுவிடும், அடுத்த நடையில் மறுபடி தொடங்கும். ஒவ்வொரு முறையும் டீசல்.

2023 ஏப்ரலிலிருந்து புதிய வண்டிகளை நிஜச் சாலையில், கருவியை ஏற்றிக்கொண்டு ஓட்டிச் சோதிக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கருவி அளப்பது புகையில் உள்ள நச்சை. லிட்டரை அல்ல. சுமையோடு போகும் பிக்கப்பின் மைலேஜை அளக்கும் சோதனைச்சாலை இன்னும் பெட்ரோல் பங்க்தான். டேங்கை வாய்வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, ஒரு வாரம் ஓட்டி, மறுபடி அதே பங்கில் வாய்வரை நிரப்பி, வகுத்துப் பார்ப்பது. அந்த நோட்டிலேயே பக்கத்துக் கட்டத்தில் அன்றன்று ஏற்றிய மீனின் கிலோவையும் குறித்துவைத்தால் கணக்கு முழுசாகிவிடும்.