ஐ.ஆர்.35: பிரிட்டனில் ஒப்பந்தப் பணியிலிருந்து சம்பளப் பணிக்கு மாறுவதன் வரி விளைவுகள்

பிரிட்டனில் தம் பெயரில் ஒரு லிமிடெட் நிறுவனத்தைப் பதிவு செய்து, அதன் வழியாக வேலை செய்து கொடுத்துக் கட்டணம் பெறுபவர் காண்டிராக்டர் எனப்படுகிறார். தகவல் தொழில்நுட்பம், பொறியியல், வங்கி, ஒளிபரப்பு ஆகிய துறைகளில் இம்முறை பரவலாக உள்ளது. இவர் சம்பளப் பட்டியலுக்கு மாறும்போது இரண்டு கேள்விகளை எடைபோட வேண்டியிருக்கிறது. இனிமேல் கைக்கு வரும் தொகை எவ்வளவு குறையும் என்பது ஒன்று. இதுவரை கட்டிய வரி சரியானதுதானா என்பது மற்றொன்று. இரண்டும் ஐ.ஆர்.35 என்ற விதித்தொகுப்பைச் சார்ந்தவை.

விதிகளின் வரலாறு

காண்டிராக்டரின் நிறுவனம் லாபத்தின் மீது நிறுவன வரி கட்டும். உரிமையாளர் சிறு தொகையைச் சம்பளமாகவும் மீதியை ஈவுத்தொகையாகவும் எடுத்துக்கொள்வார். ஈவுத்தொகைக்குத் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு கிடையாது. வேலை தரும் நிறுவனத்துக்கும் அந்தச் செலவு மிச்சம். ஊழியரைப் போலவே வேலை செய்துகொண்டு இந்தச் சலுகையைப் பெறுவதைத் தடுக்கும் திட்டத்தை 1999 மார்ச்சில் வரித்துறை அறிவித்தது. அந்த அறிக்கையின் எண்ணே விதிகளுக்குப் பெயரானது. அவை 2000 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ளன.

தொடக்கத்தில், காண்டிராக்டர் ஊழியர் நிலையில் இருக்கிறாரா என்பதை அவருடைய நிறுவனமே முடிவு செய்தது. தவறினால் வரிச்சுமையும் அதையே சேர்ந்தது. பொதுத்துறையில் 2017 ஏப்ரலிலும், தனியார் துறையின் நடுத்தர, பெரிய நிறுவனங்களில் 2021 ஏப்ரல் 6-இலும் இந்த முடிவெடுக்கும் பொறுப்பு வேலை தருபவருக்கு மாறியது. தனியார் துறை மாற்றம் 2020-இலேயே வரவிருந்து, கோவிட் காரணமாக ஓராண்டு தள்ளிப்போனது. சிறு நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களுக்குப் பழைய முறையே தொடர்கிறது. தவறினால் வரி தம் மீது விழும் என்பதால், பல பெரிய நிறுவனங்கள் லிமிடெட் நிறுவனங்கள் வழியாக ஆள் எடுப்பதையே நிறுத்தின. சம்பளப் பட்டியலுக்கு மாறியவர்களில் பலர் இப்படி மாற நேர்ந்தவர்கள்.

ஊழியரா, அல்லரா?

இதற்குச் சட்டத்தில் ஒற்றை வரையறை இல்லை. நீதிமன்றங்கள் 1968-ஆம் ஆண்டின் ரெடி மிக்ஸ்ட் கான்கிரீட் தீர்ப்பைப் பின்பற்றுகின்றன. வேலையை அவரே நேரில் செய்ய வேண்டுமா அல்லது மாற்று ஆளை அனுப்பலாமா, எதை எப்படிச் செய்வது என்பதை யார் கட்டுப்படுத்துகிறார்கள், வேலை தரவும் செய்யவும் இரு தரப்புக்கும் கடப்பாடு உண்டா ஆகியவை முக்கியக் கேள்விகள். ஒப்பந்தத்தின் வாசகத்தோடு உண்மையில் நடந்ததும் பார்க்கப்படும். ஒரே தொழிலில் இருப்பவர்களுக்கும் முடிவு வேறுபடலாம்: தொலைக்காட்சித் தொகுப்பாளர் கிறிஸ்டா அக்ராய்ட் 2018-இல் தோற்றார், லொரெய்ன் கெல்லி 2019-இல் வென்றார்.

கடந்தகாலம் குறித்த இடர்

வெள்ளிக்கிழமை வரை காண்டிராக்டராக இருந்தவர் திங்கட்கிழமை அதே மேசையில், அதே மேலாளரின் கீழ், அதே வேலையை ஊழியராகத் தொடர்ந்தால், முன்பும் அவர் ஊழியர் நிலையிலேயே இருந்தாரோ என்ற ஐயம் இயல்பாக எழும். வரித்துறை சாதாரணமாக 4 ஆண்டுகளும், கவனக்குறைவு இருந்தால் 6 ஆண்டுகளும், வேண்டுமென்றே செய்த தவறானால் 20 ஆண்டுகளும் பின்னோக்கிச் சென்று வரி கேட்கலாம். வட்டியும் அபராதமும் சேரலாம். பழைய முறை பொருந்திய காலத்துக்கான கோரிக்கை காண்டிராக்டரின் நிறுவனத்தின் மீதே வரும்.

இந்த அச்சத்தைத் தணிக்க, சீர்திருத்தத்தின் வழியே கிடைக்கும் தகவலைக் கொண்டு முந்தைய ஆண்டுகள் மீது புதிய விசாரணை தொடங்கப் போவதில்லை என்று 2019-இல் வரித்துறை அறிவித்தது. மோசடியோ குற்றச்செயலோ இருப்பதாக ஐயம் எழுந்தால் இந்த உறுதி பொருந்தாது. வேறு வழியில் தொடங்கும் விசாரணையையும் அது தடுக்காது. இடையில் சில வாரம் வேலையை நிறுத்திவைப்பதால் கடந்தகால உண்மைகள் மாறிவிடுவதில்லை. வேலையின் தன்மையும் பொறுப்பும் உண்மையிலேயே மாறியிருப்பதும், முன்பு தொழில்முறைச் சுதந்திரம் இருந்ததற்கு ஆவணங்கள் இருப்பதுமே வலுவான பாதுகாப்பு.

கைக்கு வரும் தொகை

சம்பளப் பணிக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று நேரடி வேலை. மற்றது, காண்டிராக்டரைத் தன் ஊழியராக வைத்துக்கொண்டு சம்பளம் வழங்கும் அம்பரெல்லா நிறுவனம். இரண்டாவதில், முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீடும் பயிற்சித் தீர்வையும் பேசிய கட்டணத்திலிருந்தே எடுக்கப்படும். 2025–26 விகிதங்களில், நாளொன்றுக்கு 500 பவுண்டு வீதம் 220 நாள் உழைத்தால் மொத்தம் 1,10,000 பவுண்டு. இதில் ஏறத்தாழ 14,100 பவுண்டு அவ்விரு செலவுகளுக்கே போகும். மீதமுள்ள 95,900 பவுண்டே மொத்தச் சம்பளம். வருமான வரியும் ஊழியரின் காப்பீட்டுப் பங்கும் போக, கையில் சுமார் 66,200 பவுண்டு நிற்கும். நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் ஓய்வூதியப் பிடித்தமும் இக்கணக்கில் இல்லை. எனவே நாள் கட்டணத்தையும் சம்பளத்தையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது தவறு. நேரடி வேலையில் முதலாளியின் பங்கு சம்பளத்துக்கு மேல் தனியாகக் கட்டப்படும்.

வழக்கத்தை மீறிய விகிதம் கையில் கிடைக்கும் என்று சொல்லி, ஊதியத்தின் ஒரு பகுதியைக் கடன் என்ற பெயரில் தரும் திட்டங்கள் மிக ஆபத்தானவை. அத்தகைய பழைய கடன்களை வருமானமாகக் கருதி வரி விதிக்கும் சட்டம் 2019 ஏப்ரல் 5 அன்று பொருந்தியது. அதில் சுமை பெரும்பாலும் தொழிலாளர் மீதே விழுந்தது.

பழைய நிறுவனத்தை மூடுதல்

நிறுவனத்தில் சேர்ந்திருக்கும் பணத்தை முறைப்படி கலைத்து எடுத்தால், அது மூலதன ஆதாயமாகக் கருதப்படும். தகுதியுள்ளவர்களுக்குக் குறைந்த விகிதம் கிடைக்கும்: 2025 ஏப்ரல் முதல் 14 விழுக்காடு, 2026 ஏப்ரல் முதல் 18 விழுக்காடு. வரியைக் குறைக்கும் நோக்கில் மூடி, இரண்டு ஆண்டுகளுக்குள் அதே போன்ற தொழிலில் மீண்டும் ஈடுபட்டால், எடுத்த பணம் ஈவுத்தொகை வருமானமாகக் கணக்கிடப்படக்கூடும். நிறுவனத்தை மூடிய பிறகும் ஒப்பந்தங்கள், பணிக் கடிதங்கள், கட்டணச் சீட்டுகள், காப்பீட்டுச் சான்றுகள் ஆகியவற்றைக் கணக்காண்டு முடிந்து குறைந்தது 6 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.