பினாங்கில் யூதர் சுவடுகள்

பள்ளி விடுமுறைக் காலத்தில் காப்பார், கிள்ளான் பகுதிகளிலிருந்து பினாங்கு செல்வோர் தண்ணீர்மலைக் கோயிலையும் கொடிமலையையும் கண்டு மீள்வர். பர்மா சாலையை அடுத்து, சைனல் அபிதீன் சாலையில் உயர்ந்த மதிலுக்குள் கிடக்கும் ஓர் இடுகாட்டை அவர்களுள் நோக்குவோர் சிலரே. அது யூதர் இடுகாடு.

1805ஆம் ஆண்டில் இது தோன்றியதென்பது வழிவழிச் செய்தி. இன்று காணப்படும் கல்லறைகளுள் மிகப் பழையது சோசன் லெவி என்னும் பெண்மணியுடையது. நாள் 1835 சூலை 9. யூதர் ஆண்டுக் கணக்கில் அது 5595 ஆகும். எபிரேயக் கல்லறைகளில் ஆண்டை நெடுங்கணக்கின் எழுத்துகளாலேயே பொறிப்பது வழக்கம். எழுத்தே எண்ணாகவும் நிற்கும் இம்முறை, பழந்தமிழ் எண்களைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு வியப்பளிக்காது. இங்கு ஏறத்தாழ 107 கல்லறைகள் உள. குருமார் மரபினராகிய கோகன் குடியினரின் கல்லறைகள் ஒரு மூலையில் தனித்துள்ளன. அம்மரபினர் பிணத்தீட்டை விலக்க வேண்டியவர். ஆதலின் அவர்களை இடுகாட்டின் ஓரத்தில் அடக்குவது யூதர் மரபு.

யூத வணிகர் தமிழுலகிற்குப் புதியவரல்லர். பாற்கர இரவிவர்மன் என்னும் சேர மன்னன், கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி, முயிரிக்கோட்டிலிருந்து யோசேப்பு இரப்பானுக்கு 72 உரிமைகளும் அஞ்சுவண்ணமும் அளித்த செப்பேடு வட்டெழுத்தில் அமைந்ததாகும். எனினும் பினாங்கு யூதரை அக்கொச்சி யூதரின் வழியினராகக் கொள்ளலாகாது. இவர்களுட் பெரும்பாலார் பாக்தாது நகரிலிருந்து புறப்பட்டவர்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு ஆண்ட தாவூது பாசாவின் கொடுமைக்கு அஞ்சிப் பலர் வெளியேறினர். அவர்களுள் ஒருவரான தாவீது சாசூன் 1832இல் பம்பாயில் குடியேறினார். பம்பாய், கல்கத்தா, இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சாங்காய் எனத் துறைமுகந்தோறும் அவர்தம் வணிகக் கிளைகள் பரவின. தமிழ் முசுலிம் வணிகர் வந்திறங்கிய அதே துறையிலேயே இவர்களும் இறங்கினர்.

1899இல் பினாங்கில் 172 யூதர் இருந்தனர் என்பர். 1901இல் கணக்கிடப்பட்டவர் 45 பேரே. துறைமுகத்து வணிகர் தொகை இவ்வாறு ஏறி இறங்குவது இயல்பு. பாக்தாதிலிருந்து 1895இல் வந்த எசேக்கியல் மனாசே, பல்லாண்டுகள் ஏறத்தாழத் தன்னந்தனியராக யூத உணவு நெறியையும் ஓய்வுநாளையும் காத்து வந்தார். கூட்டம் சூழ இருக்கையில் சமயம் காப்பது எளிது. தனியனாய்க் காப்பதன்றோ அரிது!

இச்சிறு கூட்டத்தாரின் வழிபாட்டு இல்லம் 1929இல் திறக்கப்பட்டது. அது அமைந்த இடம் நாகூர்ச் சாலை 28ஆம் எண் மனை. சோழநாட்டுக் கடற்கரை ஊரின் பெயர் பூண்ட தெருவில் எபிரேயத் தொழுகை ஒலித்தது. பினாங்கின் இயல்பை விளக்க இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பின்னர்ப் போர் வந்தது. 1941இல் சப்பானியர் படை நெருங்கவே, இவர்கள் சிங்கப்பூருக்கு அகற்றப்பட்டனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. பலர் முகாம்களில் அடைபட்டனர். போருக்குப்பின் பெரும்பாலோர் பினாங்கில் நிலைக்கவில்லை. சிங்கப்பூர், ஆத்திரேலியா, இசுரவேல், அமெரிக்கா எனப் பிரிந்தனர். 1963இல் எஞ்சியவை ஏறத்தாழ இருபது குடும்பங்களே.

யூதர் கூட்டுத்தொழுகைக்கு வயது வந்த ஆடவர் பதின்மர் கூடவேண்டும். ஒன்பதின்மர் இருப்பினும் தொழுகை முழுமை பெறாது. பொருளின்மையோ அரசின் தடையோ அன்றி, இந்தப் பதின்மர் இன்மையே 1976இல் நாகூர்ச் சாலை இல்லத்தை மூடச் செய்தது.

இடுகாடிருக்கும் தெருவுக்கு முன்பு யகூதி சாலை என்பது பெயர். பெயர்ப்பலகை மாறிய பின்னர், அங்கே யார் வாழ்ந்தனர் என்பதைத் தெருவே சொல்லும் நிலை நீங்கிவிட்டது. பெயர்களை மாற்றுவது ஆள்வோர் உரிமையே. ஆயினும் பழம்பெயரைச் சிறு எழுத்திலேனும் கீழே குறித்திருப்பின், வரலாறு கற்பிப்போர்க்குப் பயன்பட்டிருக்கும். இன்று அப்பணியைச் செய்வன மதிலுக்குட்பட்ட கற்களே. அவற்றுள் ஒன்று மிக அண்மையது. சோசன் லெவியை அடக்கி 176 ஆண்டுகள் கழிந்து, 2011இல் அங்கு மற்றுமோர் யூதர் அடக்கம் செய்யப்பட்டார்.