180 டிகிரி தள்ளிப்போன படம்

போன வாரம் ரெண்டு சங்கிலி உள்ள ஒரு புரதத்துக்கு ராமச்சந்திரன் வரைபடம் போட்டேன். முதல் சங்கிலியின் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் அழகாக இருந்தன. ரெண்டாவது சங்கிலி மட்டும் கண்டபடி சிதறி, அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும் ஆகாத பகுதிகளில் கிடந்தது. அரை நாள் போச்சு.

கடைசியில் விஷயம் சின்னது. பி.டி.பி. கோப்பில் அணு எண் 1-லிருந்து தொடங்கும். மென்பொருள் 0-விலிருந்து எண்ணும். அதனால் கோப்பு எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்ளும்படி நிரல் எழுதியிருந்தேன். ஆனால் ஒரு சங்கிலி முடிந்ததும் கோப்பில் 'டெர்' என்றொரு வரி வரும். அது அணு இல்லை, ஆனாலும் ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் என் கணக்கு முழுக்க ஒரு அணு தள்ளிப்போய்விட்டது.

ஒரு அணு தள்ளினால் என்ன ஆகும்? ஃபை கோணம் என்பது நாலு அணுக்களின் கணக்கு: முந்தைய அமினோ அமிலத்தின் கார்பனைல் கார்பன், பிறகு நைட்ரஜன், ஆல்ஃபா கார்பன், கார்பனைல் கார்பன். சை கோணம் நைட்ரஜனில் தொடங்கி அடுத்த அமிலத்தின் நைட்ரஜனில் முடியும். ஒரு அணு மாறினாலும் வருவது வேறு ஏதோ கோணம்.

இந்தப் படம் பிறந்தது சென்னைப் பல்கலைக்கழகத்தில். ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கொல்லாஜனுக்கு மும்மைச் சுருள் அமைப்பைச் சொன்னார்கள். பிறகு அவர்கள் மாதிரியில் சில அணுக்கள் மிகவும் நெருங்கி நிற்கின்றன என்று கிரிக்கும் ரிச்சும் குறை சொன்னார்கள். சரி, எவ்வளவுதான் நெருங்கலாம்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் விளைந்ததுதான் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் எழுதிய 1963 கட்டுரை. குறையை வைத்தே இப்படி ஒன்றைச் செய்தார்களே என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கோணம் கிடைத்தாலும், சுழியம் எங்கே என்ற தகராறு இருந்தது. எங்க மயிலாடியில கல்லு கொத்துறவங்க முதல்ல நடுக்கோடு போடுவாங்க, மத்த அளவெல்லாம் அதுலேருந்துதான். ஆளுக்கொரு நடுக்கோடு போட்டா சிலை தேறாது. 1966-இல் ராமச்சந்திரன், கெண்ட்ரூ, ஃப்ளோரி, ஷெராகா உள்ளிட்ட ஏழு பேர் சேர்ந்து ஒரு பொது முறையை முன்வைத்தார்கள். முழுக்க நீட்டிய சங்கிலிக்கு இரண்டு கோணமும் 0. நாலே வருஷம். 1970-இல் சர்வதேசப் பெயரிடல் குழு கரிம வேதியியல் வழக்கத்தோடு ஒத்துப்போகும்படி அதை மாற்றியது. நீட்டிய சங்கிலி 180 ஆனது.

அதனால் இன்று ஃபை -57, சை -47 என்று நாம் சொல்லும் வலச்சுழி ஆல்ஃபா சுருள், 1966 முறையில் 123, 133. புரதம் அதேதான். பழைய எண்களை அப்படியே இன்றைய வரைபடத்தில் வைத்தால் புள்ளி ஆகாத பகுதியில் போய் விழும், என் ரெண்டாவது சங்கிலி மாதிரி.

இப்போது நிரலில் வரிசை எண்ணை எடுத்துவிட்டேன். சங்கிலிப் பெயர், அமினோ அமில எண், அணுப் பெயர் மூன்றையும் வைத்தே அணுவைத் தேடுகிறது. பழைய கட்டுரை எதையாவது திறந்தால் முதலில் ஆல்ஃபா சுருளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்கிறேன்.