எத்தனை அடி?

தேக்கடிக்குப் போய்விட்டு வந்தேன் என்று கம்பம் பக்கம் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். யானை பார்த்தாயா என்று கேட்க மாட்டார்கள். "தண்ணி எத்தன அடி நிக்குது?" என்பதுதான் முதல் கேள்வி. என் தாத்தாவும் அதைத்தான் கேட்பார். முல்லைப் பெரியாற்றின் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் இந்தப் பக்கம் தண்ணீர் வராது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பேப்பர் வந்ததும் தாத்தா முதலில் தேடுவது அதைத்தான். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான், அந்த எண்ணை ஓர் ஏரியாகப் பார்த்தது இருபத்தாறு வயதில். நண்பர்கள் நாலு பேர். ஒரு காலைப் படகு, ஒரு பகல் நடை, காட்டுக்குள் ஒரு ராத்திரி கூடாரம். திட்டம் அவ்வளவுதான்.

காலை ஏழரை மணிப் படகு. லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஊழியர் நகர்ந்தார். கூட வந்தவன் "இதெல்லாம் எதுக்குண்ணே, மெதுவாத்தான போகும்" என்றான். அவர் பதில் சொல்லவில்லை. 2009 செப்டம்பர் 30 மாலை, இதே ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அநேகமாக எல்லோரும் எங்களைப் போலச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். நான் வாரை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டேன்.

பனி விலக விலகத் தண்ணீருக்கு மேலே கறுத்த மரக்கட்டைகள் தெரிந்தன. ஒன்றின் உச்சியில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. எல்லாருடைய மொபைலும் அந்தப் பக்கம் திரும்பியது. தேக்கடியின் போஸ்ட் கார்டு படம் அதுதான். அந்தக் கட்டைகள் ஒரு காலத்தில் காடு. 1895-இல் தேங்கிய தண்ணீர் நின்ற நிலையிலேயே மூழ்கடித்த மரங்கள். நூற்றாண்டு கடந்தும் சில இன்னும் விழாமல் நிற்கின்றன. நாங்கள் ஒரு காட்டின் தலைக்கு மேலே படகில் போய்க்கொண்டிருந்தோம்.

அரபிக்கடலுக்குப் போகிற ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை வெள்ளைக்காரன் மூளையில் முதலில் உதித்ததல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார். செலவுக்குப் பணம் இல்லாமல் கைவிட்டார். 1808-இல் ஆராய வந்த கேப்டன் கால்டுவெல், நடக்காத காரியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் ஆய்வுகள் நடந்தன, கோப்புகள் ஏறி இறங்கின. நடுவில் 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்தது. மெட்ராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்த பிறகுதான் கோப்பு உண்மையாகவே நகர ஆரம்பித்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரோடு குத்தகைப் பத்திரம் எழுதினார்கள். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷம். அந்த 8,000 ஏக்கர்தான் இன்றைக்கு நாம் படகு விடுகிற தண்ணீர். 1970-இல் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயானது. ஏரியின் மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு கேரளத்திடம் விட்டுக்கொடுத்தது.

அணை வேலை 1887-இல் தொடங்கியது. மேலே ரோடு கிடையாது. சுண்ணாம்பைக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கவிட்டு மலை ஏற்றினார்கள். தேக்கடியிலிருந்து அணைக்கட்டுக்கு அது படகில் போனது. ஆக, இந்த இடத்தில் ஓடிய பழைய படகுகள் யானை காட்டக் கூட்டிப்போன படகுகள் இல்லை, சுண்ணாம்புப் படகுகள். இதை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. வெறும் கால், முதுகில் சுமை, காதோரம் கொசு என்று யாரோ வேலைக்குப் போன வழியில் நான் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டிருக்கிறேன்.

வெள்ளம் கட்டியதை அடித்துக்கொண்டு போயிற்று. திரும்பக் கட்டினார்கள். மலேரியாவும் காலராவும் வந்தன. நோயில் மட்டும் 483 பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள். அணைக்குப் பக்கத்திலேயே கல்லறைகள் இருக்கின்றன. படகு அந்தப் பக்கம் போகாது, சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே அனுமதியும் இல்லை. 1895 அக்டோபர் 10 அன்று கவர்னர் வென்லாக் திறந்து வைக்க, மலையைக் குடைந்த ஒரு மைலுக்குச் சற்று அதிகமான சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே இறங்கியது.

எங்கள் ஊர்ப்பக்கம் கட்டிய இன்ஜினியரை மறக்கவில்லை. பென்னிகுக் படம் மாட்டாத டீக்கடை குறைவு. லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்த வீடுகள் உண்டு. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் ஒரு மனிதருக்குப் பெயர், படம், பிறந்தநாள் எல்லாம் கிடைத்தன. கூட நின்ற 483 பேருக்குக் கிடைத்தது அந்த எண் மட்டும்தான்.

படகைவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தோம். காலில் அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரைக்கும் துணி உறை. முன்னால் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர், பின்னால் அரிசி மூட்டையும் பாத்திரமுமாக வழிகாட்டிகள். அவர்களில் மூத்தவர் ஒரு மரத்தருகே நின்று, இலையைக் கசக்கி என் மூக்கில் வைத்தார். லவங்கப்பட்டை வாசம். "வயணை. இதோட பட்டையை உரிச்சுத்தான் பொழச்சோம் தம்பி" என்றார்.

அவர் மறைக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டுக்குள் நுழைந்து பட்டை உரித்து விற்றவர்கள் அவர்கள். தொண்ணூறுகளின் பிற்பாதியில் இங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, வனத்துறை அவர்களோடு பேசியது. காடு தெரிந்தவனை ஜெயிலில் வைப்பதைவிடக் காவலுக்கு வைப்பது மேல் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. வயணைப் பட்டை உரித்த அந்த ஆட்களுக்கென்றே ஒரு குழு உண்டானது. கூடாரத்தோடு காட்டுக்குள் கூட்டிப்போகிற இந்த நடை அவர்கள் கைக்கு வந்தது. டிக்கெட் காசு கூலியானது, நடக்கிற நடையே ரோந்தானது.

"முன்னாடி ஃபாரஸ்ட்காரரு வந்தா நாங்க ஓடுவோம். இப்ப எங்களப் பாத்து மத்தவன் ஓடுறான்" என்று சிரித்தார்.

"அதுக்கு முன்னாடி இங்க யாருண்ணே இருந்தாங்க?"

"மன்னான், பளியரு. காட்டுக்காரங்க அவங்கதான். நாங்கள்லாம் பொறவு வந்தவங்க."

அவர் சொன்னது சரி. 1934-இல் திருவிதாங்கூர் மகாராஜா இந்த ஏரியைச் சுற்றிய காட்டை வேட்டை கூடாத இடமாக்கினார். 1950-இல் பெரியாறு சரணாலயம் வந்தது. 1978-இல் புலிகள் காப்பகம். மகாராஜாவின் ஏரிக்கரை மாளிகை இப்போது ஓட்டல். மன்னான்களும் பளியர்களும் குமுளி ஓரத்துக் குடிகளில் இருக்கிறார்கள். அணை ஒருமுறை நிலத்தை மாற்றியது, காப்பகம் இன்னொருமுறை மாற்றியது. இரண்டு முறையும் அவர்கள்தான் நகர்ந்தார்கள்.

ராத்திரி கூடாரத்துக்கு வெளியே கஞ்சியும் கருவாடும். அக்கரையில் யானைக்கூட்டம் தண்ணீருக்கு இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. நண்பர்கள் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த ஏரி எங்களுக்குச் சோறு. கீழே இருக்கிற கேரளத்து ஊர்களுக்குப் பயம். அந்தப் பயத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. 142 அடியா 136 அடியா என்று உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் இரண்டு பக்கமும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மட்டம் ஏற ஏறச் சந்தோஷப்படுகிற அதே ராத்திரியில், அந்தப் பக்கம் யாரோ ஒரு தாத்தா அதே எண்ணைக் கேட்டுவிட்டு விழித்துக்கொண்டு படுத்திருப்பார்.

ஊருக்குத் திரும்பினேன். தாத்தா திண்ணையில் இருந்தார்.

"எத்தன அடிடா?"

"நூத்தி இருபத்தெட்டு."

"பரவாயில்ல" என்றார்.

கல்லறைகளைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நம்ம பக்கத்துல இருந்து போனவங்களும் இருப்பாங்க. யாரு எவருன்னு யாருக்குத் தெரியும்" என்றார். பிறகு, "தை மாசம் பொங்கல் வைக்கிறப்ப அவங்களுக்கும் ஒரு பானை வைக்கச் சொல்லணும்டா. தண்ணி குடிக்கிறோம்ல" என்றார்.