வீட்டு வரியில் வாழும் நூலகம்

பெங்களூரு வரும் நம் அங்கத்தினர்கள் பலர் கப்பன் பூங்காவைப் பார்த்திருப்பீர்கள். மரங்களின் நடுவே உள்ள சிவப்பு நிறக் கட்டிடத்தை ஏதோ அரசு அலுவலகம் என்று எண்ணிக் கடந்து போவோரும் உண்டு. அது ஸர் கே. சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். மாநில மத்திய நூலகம் இருப்பது அங்கேதான்.

பாலக்காட்டைச் சேர்ந்த சேஷாத்ரி ஐயர் 1883 முதல் 1901 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். சிவசமுத்திரம் மின் திட்டம் அவர் காலத்தில் உருவானது. அவர் நினைவாக எழுந்த மண்டபத்தில், விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்தபோது 1915-ல் பொது நூலகம் அமைந்தது.

அது ஆட்சியாளரின் நல்ல மனத்தால் வந்தது. ஆனால் நல்ல மனம் ஆளுக்கு ஆள் மாறும். நூலகம் நிலைத்திருக்க சட்டமும் நிரந்தர வருமானமும் தேவை என்று வாதாடியவர் சீர்காழியில் பிறந்த டாக்டர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டமான 1948-ஆம் ஆண்டு சென்னைச் சட்டம் அவர் முயற்சியின் பலன். 1957-ல் பெங்களூருவில் குடியேறி, 1972-ல் இங்கேயே காலமானார். அவர் சிந்தனையைத் தழுவி 1965-ல் மைசூர் நூலகச் சட்டமும் வந்தது.

இச்சட்டப்படி சொத்து வரியுடன் நூலக வரி வசூலாகிறது. இன்று அது 6 சதவீதம். ஐயாயிரம் ரூபாய் வரி கட்டுபவர் முந்நூறு ரூபாயை நூலகத்துக்குக் கொடுக்கிறார். தமிழ்நாட்டில் இது 10 சதவீதம். வசூலான தொகை நூலகத் துறைக்கு முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்ற செய்தி இங்கு பலமுறை பத்திரிகைகளில் வந்துள்ளது. அரசுப் பணியில் பல ஆண்டுகள் கோப்புகளைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: கேட்பாரில்லாத பணம்தான் முதலில் திசை மாறும். வாசகர் வராத நூலகத்துக்காக யாரும் கேட்க மாட்டார்கள்.

என் வயதுடையவர்களுக்குப் பகலில் பத்திரிகை படிக்கவும், போட்டித் தேர்வு எழுதும் ஏழைப் பிள்ளைகளுக்கு அமைதியாக உட்கார்ந்து படிக்கவும் கிளை நூலகம் போல் வேறு இடம் ஏது? புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பதுதான் ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதியின் சாரம்.

எந்த ஊரில் இருந்தாலும், அங்கத்தினர்கள் அடுத்த முறை வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். நூலக வரி என்ற வரி அதில் இருந்தால், பேரக் குழந்தையை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள கிளை நூலகத்துக்குப் போய் உறுப்பினராகச் சேருங்கள். நாம் பணம் கட்டி நடத்தும் நூலகம் அது.