புகழே சுமையான வரலாறு

பெண்ணைப் 'பொறுமையில் பூமாதேவி' என்று போற்றுவது நம்மவர் வழக்கு. பூமாதேவிக்கு நோகுமா என்று கேட்டவர் எவருமிலர். இத்தகைய புகழ்மொழி ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பினப் பெண்கள் அனைவர் தலைமேலும் நெடுங்காலமாக ஏற்றி வைக்கப்பட்டுள்ளது. அவள் வலியவள், எதையும் தாங்குவாள், தான் அழமாட்டாள், பிறர் அழுதால் அணைத்துக்கொள்வாள் என்பதே அது. கேட்பதற்கு இனிய சொல்தான். ஆயினும் இதனை யார் எழுதி வைத்தார்கள், எதற்காக எழுதினார்கள் என்று ஆராயப் புகுந்தால் இனிமை குன்றிவிடுகிறது.

முதற்கண் சோஜர்னர் ட்ரூத் அம்மையாரை நோக்குவோம். நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் வட்டாரத்தில் 1797-ஆம் ஆண்டளவில் அடிமையாகப் பிறந்தவர். இயற்பெயர் இசபெல்லா. டச்சு மொழி பேசுவோர் இல்லத்தில் வளர்ந்தமையால் அதுவே அவர் முதன்மொழி. ஒன்பது வயதளவில் ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து நூறு டாலருக்கு விற்கப்பட்டார். 1826-இல் கைக்குழந்தையுடன் உரிமையாளர் வீட்டைவிட்டு வெளியேறினார். மகன் பீட்டர் சட்டத்திற்குப் புறம்பாக அலபாமாவுக்கு விற்கப்பட்டதை அறிந்து, நீதிமன்றம் ஏறி, 1828-இல் அவனை மீட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர் இவ்வளவும் செய்தார்.

1851 மே மாதம் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் கூடிய மகளிர் உரிமை மாநாட்டில் அவர் ஆற்றிய உரை உலகப் புகழ்பெற்றது. ஆனால் அவ்வுரைக்கு இரண்டு வடிவங்கள் உள்ளன என்பதை நம்மில் பலர் அறியார். மாரியஸ் ராபின்சன் என்பவர் 1851 ஜூன் 21-ஆம் நாள், அதாவது மாநாடு முடிந்து ஒரு மாதத்திற்குள், தம் இதழில் வெளியிட்டது ஒன்று. மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் கேஜ் அம்மையார் 1863 ஏப்ரலில், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எழுதியது மற்றொன்று. முதல் வடிவில் ட்ரூத், எந்த ஆணுக்கும் குறையாத உடல்வலிமை தமக்கு உண்டென்றும், உழவும் அறுவடையும் மரம் வெட்டுதலும் செய்திருப்பதாகவும் கூறி, அவ்வுழைப்பின் பேரால் உரிமை கேட்கிறார். இரண்டாம் வடிவிலோ சவுக்கடியையும் ஆணைப் போலவே தாங்க வல்லவர் ஆகிவிடுகிறார்! பெற்ற பிள்ளைகள் பதின்மூவர் என்றும் அவர்களுள் பெரும்பாலோர் விற்கப்பட்டனர் என்றும் அதில் வருகிறது. அவர் பெற்றவர் ஐவரே. டச்சு மொழியில் பேச்சுப் பழகிய அவர் நாவில் தென்மாநில அடிமைகளின் கொச்சையும் ஏற்றப்பட்டுள்ளது.

நிலைத்தது எது? இரண்டாவதுதான். கோப்புகளோடு காலந்தள்ளும் என் போன்ற எழுத்தர்க்கு இது வியப்பளிப்பதன்று. முதற்குறிப்பு கோப்பின் அடியில் கிடக்க, பின்னால் வந்த சுவையான குறிப்பே மேலும் மேலும் படியெடுக்கப்படும். கேஜ் அம்மையார் ட்ரூத்தின் பகைவரல்லர். அவர்மீது மெய்யான மதிப்புடையவர். ஆயினும் உழைக்கும் வலிமையைப் பேசிய ஒருத்தியை அடிதாங்கும் வலிமையைப் பேசியவளாக்கியது அந்த மதிப்புத்தான்.

மாநாட்டுக்குச் சில ஆண்டுகள் முன்னர், அலபாமாவின் மாண்ட்கமரி நகரில் அதே எண்ணம் மருத்துவமனைக்குள்ளும் தொழிற்பட்டது. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் 1845 முதல் 1849 வரை அடிமைப் பெண்கள்மீது அறுவைச் சோதனைகள் நடத்தினார். மகப்பேற்றின்போது உண்டாகும் கிழிவால் சிறுநீர் ஓயாது ஒழுகும் கொடுநோய்க்கு அவர் தீர்வு கண்டது உண்மை. அதற்கு அனார்க்கா என்ற இளம்பெண் ஒருத்தி மட்டுமே முப்பது முறை கத்திக்கு உட்பட்டாள், மயக்க மருந்தின்றி. மயக்க மருந்தின் ஆற்றல் பாஸ்டன் நகரில் 1846-இல் எல்லார் முன்னிலையிலும் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும் இந்நிலை மாறவில்லை. லூசி என்பவள் பட்ட வேதனை மிகக் கடுமையானது என்று சிம்ஸ் தம் வரலாற்று நூலில் தாமே எழுதியிருக்கிறார். கண்ணால் கண்டும் கை நிற்கவில்லை. நியூயார்க்கின் மத்தியப் பூங்காவில் நின்ற அவர் சிலை 2018 ஏப்ரலில்தான் அகற்றப்பட்டது.

இவை பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2016-இல் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், கறுப்பர்தம் தோல் தடித்தது என்பன போன்ற பொய்களில் ஒன்றையேனும் மெய்யென்று கருதியவர்கள், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர்.

உடல்வலியின் கதி இதுவென்றால் உள்ளத்தின் வலியைக் கேட்பவர் யார்? மிசிசிப்பி மாநிலத்துப் பானி லூ ஹேமர் அம்மையாரின் வாழ்வு இதற்குச் சான்று. இருபது பிள்ளைகளில் கடைக்குட்டி. ஆறு வயதிலேயே பருத்தி பறிக்கச் சென்றவர். 1961-இல் ஒரு சிறு கட்டியை அகற்றச் சென்றபோது அவருடைய இசைவின்றியே கருப்பையையும் எடுத்துவிட்டனர். வாக்குரிமைக்காகப் பாடுபட்டமையால் 1963-இல் வைனோனா நகரச் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார். அதன் ஊறு இறுதிவரை அகலவில்லை. நோயுற்று நோயுற்றே தமக்குச் சலித்துவிட்டது என்று 1964-இல் அவர் மேடையில் கூறினார். கேட்டவர்கள் அதனைப் போர்முழக்கமாகக் கொண்டாடினர். கல்லறைக் கல்லிலும் பொறித்தனர். நான் அறிந்தவரை அச்சொற்றொடர் முழக்கமாகவே எங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. களைத்துப்போன ஒருத்தியின் வாக்குமூலமாகவும் அதைப் படிக்கலாமே! 1977-இல், 59-ஆம் வயதில், புற்றுநோயாலும் மிகை இரத்த அழுத்தத்தாலும் அவர் மறைந்தார்.

அவ்வாறு படிக்கத் தலைப்பட்டவர்கள் கறுப்பினப் பெண்களே. 1979-இல் மிச்சேல் வாலஸ், இவ்வலிமைப் படிமம் ஒரு கட்டுக்கதை என்று நூலெழுதிக் கடுங்கண்டனத்தைத் தேடிக்கொண்டார். 1983-இல் பைலி ஏவரி அம்மையாரின் முயற்சியால் அட்லாண்டா நகரின் ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பினப் பெண்களின் உடல்நலம் குறித்த முதல் தேசிய மாநாடு கூடியது. அவ்வியக்கத்தின் முதன்மையான மருந்து, பெண்கள் வட்டமாக அமர்ந்து தம் துயரைத் தம் வாயால் சொல்வது. இவ்வளவுதானா என்று நமக்குத் தோன்றலாம். சொல்லவே கூடாது என்று தாய் மகளுக்குக் கற்பித்து வந்த ஒன்றைச் சொல்வது எளிதன்று. அத்தாயையும் குறைகூற முடியாது. கண்ணீர் கண்டு இரங்கும் உலகில் அவள் வாழவில்லை. 2010-இல் செரில் உட்ஸ் ஜிஸ்கோம்பே வெளியிட்ட ஆய்விலும், இவ்வலிமையே தம்மையும் தம் குடும்பத்தையும் காத்தது என்று பெண்கள் கூறினர். அதற்கு ஈடாக உடலும் உறவும் நலிந்ததையும் அவர்களே கூறினர்.

2021 ஜூலை 27 அன்று டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில், சிமோன் பைல்ஸ் என்ற 24 வயது ஜிம்னாஸ்டிக் வீராங்கனை, தம் மனநலத்தைக் கருதிக் குழு இறுதிப் போட்டியிலிருந்து பாதியில் விலகினார். அந்தரத்தில் சுழலும்போது தம் உடல் எங்குள்ளது என்பதே தமக்குப் புலப்படாத நிலை. அதோடு குதித்தால் கழுத்து முறியும். ஆயினும் கோழை என்று ஏசியவர்கள் இருந்தனர். ஒரு வாரம் கழித்துச் சமநிலைக் கட்டையில் மட்டும் ஏறி வெண்கலம் பெற்றார். மூன்றாண்டுகளுக்குப் பின், 2024-இல், பாரிசில் அவர் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். அங்கே குழுப் போட்டியில் தங்கம் பெற்ற நாளில் செய்தியாளர்கள் சூழ்ந்து நின்றபோது, அன்று காலை மனநல ஆலோசகரிடம் பேசிவிட்டுத்தான் களத்திற்கு வந்ததாகச் சொன்னார்.